மூன்றாவது மணப்பெண்

"அக்கா, எனக்குக் காய்ச்சல். எழும்பேலாமல் கிடக்கு."

தொலைபேசியில் மாமன் மகள் ஜெயனியின் குரல் ஈனமாக வந்தது. ஜெசிதாவின் கையிலிருந்த பவுடர் தூரிகை நழுவித் தரையில் விழுந்தது.

"இண்டைக்கோடி உனக்குக் காய்ச்சல் வரவேணும்? இன்னும் கொஞ்சத்திலை சோதினையடி!"

"நான் என்ன கூப்பிட்டனானே? அது தானா வந்தது."

மணப்பெண் அலங்காரத்துக்கான செய்முறைப் பரீட்சை அது. ஒவ்வொருவரும் ஒரு பெண்ணை மொடலாகக் கூட்டிவந்து, மதிப்பீட்டாளரின் கண்முன்னால் மணப்பெண்ணாக்கிக் காட்டவேண்டும். ஜெசிதாவுக்கு மொடலாக வரவிருந்தவள் ஜெயனி. தேறினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இல்லாத கை மணப்பெண்ணின் முகத்தில் படக்கூடாது என்று சலூன் முதலாளியம்மா ஒரே பிடியாய் நின்றாள். புருவம் திருத்தியும், வெட்டிப்போட்ட மயிரைக் கூட்டியும் ஜெசிதா இவ்வளவு காலம் காத்திருந்தது இந்த நாளுக்காகத்தான்.

குருநகர் முழுக்கப் போன் அடித்தாள். ஒருத்தி வேலைக்குப் போய்விட்டாள். ஒருத்தி நாளைக்கென்றால் வாறன் என்றாள். ஜெசிதாவின் பார்வை மெல்லக் குசினிப் பக்கம் திரும்பியது. அங்கே தாய் யோசப்பின் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏனடி உப்பிடிப் பாக்கிறாய்?"

"அம்மா, நீங்கள் வாங்கோவன்."

"விசரே உனக்கு? அம்பது வயசிலை வெள்ளைச் சேலையும் தலையிலை நெற்று முக்காடும் போட்டுக்கொண்டு! பங்குக் கோயிலிலை சனம் கைகொட்டிச் சிரிக்கும். நான் மாட்டன்!"

"கும்பிட்டுக் கேக்கிறன் அம்மா."

"கொப்பருக்குச் சோறு ஆர் குடுக்கிறது?"

"அப்பாதானே எங்களை ஓட்டோவிலை ஏத்தப்போறார்? கடையிலை சாப்பிடுவார்."

யோசப்பின் பெருமூச்சு விட்டாள். "எல்லாம் உனக்காண்டித்தான் வாறன். ஆரும் கேட்டால், நான் மாட்டன் எண்டு சொன்னதையும் சேத்துச் சொல்லிப்போடு."

நல்லவேளையாக, அவள் அன்று காலையிலேயே தலைமுழுகியிருந்தாள்.

நல்லவேளை பரீட்சை மண்டப வாசலோடு முடிந்தது. ஜெயனி வெள்ளை. ஜெசிதா வாங்கி வைத்திருந்த பூச்செல்லாம் அவளுடைய நிறத்துக்கானவை. கடற்காற்றில் கறுத்த யோசப்பினுக்கு அதைப் பூசியதும், முகம் ஓர் ஊராகவும் கழுத்து வேறோர் ஊராகவும் நின்றன. பக்கத்து மேசையில் கடுநிறப் பூச்சை இரவல் வாங்கிக் கலந்தாள். முகம் பழப்புளி நிறமானது.

ஜெயனியின் அளவுக்குத் தைத்த சட்டை முதுகில் பொருந்தவில்லை. ஊசி குத்தி இழுத்தாள்.

"மூச்சு விடாதேங்கோ அம்மா."

"எப்ப மட்டும்?"

நெற்றைத் தலையில் வைத்ததுதான் தாமதம், யோசப்பின் கண் கலங்கினாள். இமை மை கன்னத்தில் ஓடியது.

"ஐயோ, அழாதேங்கோ! ஏதும் சிரிப்பா யோசியுங்கோ!"

யோசப்பின் யோசித்தாள். என்னத்தை யோசித்தாளோ, வயிறு குலுங்கச் சிரித்தாள். முதுகு ஊசி தெறித்தது. ஒட்டு இமை கழன்று மேலுதட்டில் மீசையாய் உட்கார்ந்தது.

அந்தக் கோலத்தில்தான் மதிப்பீட்டாளர் செல்வநாயகி வந்து நின்றார். சிரிப்பென்றால் என்னவென்று தெரியாத முகம்.

"வாற ஆளின்ரை விருப்பத்தைக் கேக்கிறதுதான் முதல் வேலை. கேட்டனீரோ பிள்ளை?"

ஜெசிதா வாய் திறக்குமுன் யோசப்பின் முந்திக்கொண்டாள். "இல்லை மிஸ். மூச்சு விடாதை எண்டவள், அழாதை எண்டவள். வேறை ஒண்டும் கேக்கேல்லை."

பேனா கீழே இறங்கியது. முடிந்தது கதை என்று ஜெசிதா நினைத்தாள். ஆனால் யோசப்பினுக்கு அது அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"என்ரை கலியாணத்திலையும் ஒருத்தரும் கேக்கேல்லை மிஸ். தொண்ணூற்றஞ்சு. சண்டையிலை இடம்பெயர்ந்து கொடிகாமத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருந்தனாங்கள். சுவாமியார் ஒரே பூசையிலை மூண்டு சோடிக்குக் கட்டிவைச்சவர். நெற்று ஒண்டுதான். ஒருத்திக்கு முடிய, இருக்கிற வாங்குக்குப் பின்னாலை வைச்சுக் கழட்டி மற்றவளுக்கு. நான் மூண்டாவது."

"லிப்ஸ்ரிக்?" செல்வநாயகியை மீறிக் கேள்வி வந்துவிட்டது.

"அதுவும் ஒண்டுதான். ரண்டாவது பொம்பிளைக்குச் சொண்டு பெரிசு. முடிஞ்சுபோச்சு."

"படமாவது எடுத்தனீங்களோ?" பக்கத்து மேசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"படக்காரன்ரை பிலிம் றோலும் அவளோடை முடிஞ்சுபோச்சு, மோனை."

செல்வநாயகி ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "நாங்கள் மீசாலையிலை, ஒரு மாமரத்துக்குக் கீழை."

"அந்த மழை, மிஸ்!"

"ஓம், அந்த மழை!"

மண்டபமே சுற்றி நின்றது. ஒற்றைப் புருவத்தோடு ஒரு மணப்பெண், பாதிச் சிவப்பு உதட்டோடு இன்னொருத்தி. ஒரே பானையில் கஞ்சி காய்ச்சியதும், பெட்டியைத் தலையணையாக்கிப் படுத்ததும், அந்த நெருக்கத்திலும் யாரோ இரவலாய்த் தந்த பட்டுச்சேலையும் வந்துபோயின. ஜெசிதா மட்டும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து வியர்த்தாள்.

செல்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, இப்ப கேளும் பிள்ளை."

"உங்களுக்கு எப்பிடி வேணும் அம்மா?"

"முகம் மினுங்கவேண்டாம். அண்டைக்கு எனக்குக் கிடைச்சிருக்கவேண்டிய முகம் வேணும்."

ஜெசிதா எல்லாவற்றையும் துடைத்தாள். மெல்லிய பவுடர், கண்ணுக்கு மை, உதட்டுக்கு நிறைந்த சிவப்பு. சட்டையின் முதுகை அவிழ்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் மூடினாள். கடைசியில் நெற்று.

வாசலில் தலை நீட்டிய தகப்பன் அடைக்கலநாதன் மணப்பெண்ணிடமே போய்க் கேட்டார். "தங்கச்சி, இஞ்சை யோசப்பின் எண்டு ஒரு ஆள்…"

ஆள் யாரென்று அப்போதுதான் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்த சீப்பை எடுத்துத் தன் தலையை வாரிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார். செல்வநாயகியே படம் எடுத்தார். பரீட்சைக்கு ஒன்று போதும். ஆனால் நிறைய எடுத்தார். ஜெசிதாவின் பெயருக்கு நேரே 'தேர்ச்சி' என்று எழுதினார்.

திரும்பும்போது, கொண்டாட வேண்டுமென்று அடைக்கலநாதன் ஐஸ்கிரீம் கடையில் ஓட்டோவை நிறுத்தினார். யோசப்பின் நெற்றைக் கழற்ற மறுத்து, அப்படியே உள்ளே நடந்தாள்.

மூலை மேசையில் பெரிய கிண்ணத்துக்குள் முகம் புதைத்திருந்தவள் நிமிர்ந்தாள். ஜெயனி! கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, யோசப்பினைப் பார்த்துப் பதறினாள்.

"மாமி, காலமை காய்ச்சல் வரட்டும், பின்னேரம் மாறலாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"