ஜீப்புக்கு நான் வைத்த இரண்டு ஜன்னல்கள்

எனக்குக் கைவேலை வராது என்பதை நான் ஒப்புக்கொண்டு நாற்பது வருடம் ஆகப்போகிறது. பத்தே நாள் முன்னதாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு ஜீப்பும் ஒரு கல்யாண ஊர்வலமும் என் அக்காவின் மானமும் தப்பித்திருக்கும். ஆனால் இருபத்து மூன்று வயதில் எவன் ஒப்புக்கொள்கிறான்? அதுவும் பாலிடெக்னிக் முடித்தவன்! (முடித்தவன் என்பது அக்கா ஊரில் சொல்லிவைத்தது. மூன்று பேப்பர் பாக்கி இருந்தது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.)

எண்பதுகளின் நடுவில், வேலை கிடைக்கும் வரை என்று சொல்லிக்கொண்டு, திண்டிவனத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். அக்காவின் கணவர், எனக்கு மாமா, மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். மண்டிக்காக ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்திருந்தார். முன்னால் இரண்டு கதவு, அதற்குப் பின்னால் முழுக்கத் தகரக் கூடு, கடைசியில் மூட்டை ஏற்ற ஒரு கதவு. ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. பின்சீட்டில் உட்கார்ந்தால் அரிசி டின்னுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

மூட்டைக்கு ஜன்னல் எதற்கு? அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வினை, மாமாவின் தங்கை செல்வியின் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளை வீடு விழுப்புரம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அங்கே பெண் அழைப்பு. பிள்ளையார் கோயிலில் பெண்ணை வண்டியில் ஏற்றி, மேளத்தோடு மண்டபம் வரைக்கும் மெதுவாக ஊர்வலம் போகவேண்டும். தெருவின் இரண்டு பக்கமும் மாப்பிள்ளை வீட்டு சனம் நின்று பெண்ணைப் பார்க்கும். பார்ப்பதற்குத்தானே அழைப்பதே!

“என் தங்கச்சி வாடகைக் கார்ல போவமாட்டா. சொந்த வண்டியிலதான் போவா” என்றார் மாமா.

“இந்தத் தகர டப்பாவுல வெச்சிக்கினு போனா உள்ள கீறது பொண்ணா மல்லாட்டையான்னு எவனுக்குடா தெரியும்?” என்றார் அவருடைய அம்மா, அதாவது அக்காவின் மாமியார்.

ஜன்னல் வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. விழுப்புரத்தில் பாடி கட்டும் பட்டறைக்காரர் இருபது நாள் கேட்டார். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. மாமா தாடையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அக்கா வாயைத் திறந்தாள்.

“எதுக்குங்க பட்டறை? என் தம்பி கீறான் இல்ல? மெஷின் படிப்பு படிச்சவன். வூட்டுலயே போட்டுடுவான். நான் சொல்றேன், நம்புங்க.”

“உன் தம்பி எப்பம்மா வேலைக்குப் போவான்?” என்று மாமியார் தினமும் கேட்டு, அக்கா தினமும் தலையைக் குனிந்துகொண்டிருந்த வீடு அது. ஒரே ஒரு நாள் தலை நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று அவள் எவ்வளவு ஏங்கியிருப்பாள் என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. “ரெண்டு நாள் வேலை மாமா” என்றேன். (அடப்பாவி!)

நல்ல நேரம் பார்த்து, ஜீப்புக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றி, மாமா என் கையில் உளியையும் சுத்தியலையும் கொடுத்தார். பெரிதாக வெட்டினால் கூரை இறங்கிவிடுமோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம். அதனால் அகலம் ஒரு முழம், உயரம் ஒரு சாண், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். எந்த உயரத்தில் வெட்டுவது? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பெண் தெரிவதற்குத்தானே ஜன்னல்? பெண்ணையே உட்கார வைத்துவிட்டால்?

செல்வியைப் பின்சீட்டின் இடது ஓரத்தில் உட்கார வைத்து, அவள் கண்ணுக்கு நேராகத் தகரத்தில் கோடு போட்டேன். கோட்டைச் சுற்றிக் கைத்துளைப்பானால் ஓட்டை ஓட்டையாகப் போட்டு, நடுவில் உளி வைத்து அடித்தேன். ஒன்றரை நாள். பக்கத்து வீட்டு மாடு சத்தத்தில் பாலை அடக்கிக்கொண்டது என்று சண்டைக்கு வந்தார்கள்.

அப்புறம் கண்ணாடி. அதைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் வெளிப் பள்ளத்தில் கயிற்றை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையில் அழுத்திக்கொள்ள வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறிப் பிடித்துக்கொள்ளும். சொல்வதற்குச் சுலபம். முதல் கண்ணாடி வழுக்கி என் கால் பக்கத்தில் விழுந்து நொறுங்கியது. இரண்டாவது பாதி ஏறும்போது விரிசல் விட்டது. மூன்றாவது உட்கார்ந்தது! அக்கா வாசலில் நின்று மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

வலது பக்கத்தைத் தொடுவதற்குள் பந்தக்கால் நட்டு, செல்விக்கு நலங்கு வைத்துவிட்டார்கள்.

“நலங்கு வெச்ச பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாதுடா. நான் உக்கார்றேன், அளந்துக்கோ” என்று அக்கா வந்து வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்கு நேராகக் கோடு போட்டேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் நெட்டை. செல்விக்கு அடுக்களையில் மேல்தட்டு எட்டாது. இந்த விஷயம் என் மண்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடது ஜன்னலை டேப் வைத்து அளந்து அதையே வலது பக்கம் குறித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எட்டாம் வகுப்புப் பையன்கூடக் கேட்பான். நான் பாலிடெக்னிக்.

பெண் அழைப்புக்கு முந்தின நாள் வேலை முடிந்தது. பின்கதவைத் திறந்து பெருமையாக உள்ளே பார்த்தேன். இடது ஜன்னலில் பக்கத்து வீட்டு மாடு தெரிந்தது. வலது ஜன்னலில் வெறும் வானம் தெரிந்தது. விரலை வைத்துப் பார்த்தால் எட்டு விரற்கடை வித்தியாசம்! வெட்டிய தகரத்தைத் திரும்ப ஒட்டவா முடியும்? அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று உள்ளே போனேன். அவள் பலகாரம் சுட வந்த பெண்களிடம், “ரெண்டு பக்கமும் என் தம்பிதான்!” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். யார் ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கப்போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

யாரும் பார்க்கவில்லை. அதுதான் பிரச்சினையே.

விழுப்புரத்தில் வெயில் தாழ ஊர்வலம் கிளம்பியது. மாமா ஓட்டினார். பின்சீட்டில் இடது ஓரம் செல்வி, வலது ஓரம் அக்கா. நான் மேளக்காரர்களுக்குப் பின்னால் நடந்தேன். இடது பக்கத்து சனங்களுக்குச் செல்வியின் முகம் சட்டம் போட்ட போட்டோவாகத் தெரிந்தது. வலது பக்கத்து சனங்களுக்குப் பட்டுப்புடவையும் நகையுமாக என் அக்கா தெரிந்தாள். அவள் அளவுக்கு வெட்டிய ஜன்னல் அல்லவா, கச்சிதம். செல்வியின் தலைப்பூகூட அந்தப் பக்கம் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை ஆரத்தித் தட்டோடு வலது பக்கம் வந்தார். அக்காவுக்கு நேராக மூன்று சுற்றுச் சுற்றினார். அக்கா பதறிப்போய் “நான் இல்லை, நான் இல்லை” என்று கையை ஆட்டினாள். நான் போட்டது திறக்காத கண்ணாடி. ஒரு எழுத்து வெளியே கேட்கவில்லை. பெண் வெட்கப்படுகிறது என்று அத்தை இன்னொரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

“என்னாடி இது! போட்டோவுல சின்னப் பொண்ணா இருந்துச்சி. இது ரெண்டு புள்ள பெத்தவளாட்டம் கீது!”

(உண்மைதான். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள்.)

“பொண்ணை மாத்திக்கினு வந்துட்டாங்கப்பா!” என்று ஒரு குரல். மேளம் நின்றது. “காட்டுன பொண்ணு வேற, இட்டாந்த பொண்ணு வேற!” என்று வலது பக்கம் கொதித்தது. “பொண்ணு நல்லாத்தானேய்யா கீது, கண்ணு அவிஞ்சா போச்சி?” என்று இடது பக்கம் கத்தியது. ஜீப்புக்கு இரண்டு பக்கமும் நின்று ஒரே குடும்பம் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டது. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு, “வண்டியத் திருப்புங்க, பேசிக்கலாம்” என்றார். ஐயோ, நின்றுபோனால்? செல்வியின் கல்யாணம் என் உளியால் நின்றுபோனால்?

பின்கதவைத் திறந்துகொண்டு செல்வியே இறங்கினாள். நேராக அத்தை முன்னால் வந்து நின்றாள்.

“நான்தாங்க பொண்ணு. உள்ள இருக்கறது எங்க அண்ணி.”

அத்தை அவளைப் பார்த்தார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “ஏம்பா, இந்த வண்டிக்கு ஒரு கண்ணு மட்டும் ஏன் மேல கீது?”

மாமா என்னைக் கை காட்டினார். “என் மச்சான். டிப்ளமா.”

தெரு முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் சிரித்துவிட்டார். கல்யாணம் பிழைத்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மாமியார் அவளைப் பார்த்து, “உன் தம்பி நல்லாவே போட்டுட்டாம்மா” என்றார். அக்காவின் தலை பழையபடி குனிந்தது.

மண்டபத்தில் அக்கா தனியாக இருந்தபோது போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று, நேற்றே கவனித்துவிட்டேன் என்பதையும் உளறிவைத்தேன்.

“தெரிஞ்சிக்கினே இருந்தியா?” என்றாள். கண்ணில் தண்ணீர். “தெரியாம செஞ்சிருந்தா பரவால்லடா. தெரிஞ்சிக்கினே என்னை அதுல ஏத்தி அனுப்புனியே.”

இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் மூன்று பேப்பரையும் எழுதி முடித்தேன். ஜன்னலைச் சரிசெய்ய மாமா விடவில்லை. “இருக்கட்டும், பாக்கும்போதெல்லாம் புத்தி வரட்டும்” என்றார். அந்த ஜீப் ஓடிய கடைசி நாள் வரை திண்டிவனத்தில் அதற்கு ஒன்றரைக் கண்ணு ஜீப் என்றுதான் பெயர். இன்றும் வீட்டில் நான் ஒரு ஆணி அடிக்கப் போனாலும், “யாரை உக்கார வெச்சி அளந்த?” என்று ஏதாவது ஒரு அறையிலிருந்து குரல் வரும்.

பல வருடம் கழித்து மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். அக்கா மாலையும் கழுத்துமாகக் காரில் வந்து இறங்கப்போகிறாள். விழுப்புரத்து அத்தை, எண்பது வயது, தடியை ஊன்றிக்கொண்டு வந்து வலது பக்கம் நின்று ஆரத்தி எடுத்தார்.

“அன்னிக்கே நான் சரியாத்தான் எடுத்தேன். நீங்கதான் இத்தினி வருஷம் லேட்டு” என்றார்.

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள்.

“டேய், இந்த ரெண்டு ஜன்னலும் ஒரே மட்டம்தானே? தெரிஞ்சா இப்பவே சொல்லிடு.”

நான் காரைச் சுற்றிப் போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன்.