பச்சை மூடிக் குழாய்கள்

ஆராய்ச்சிக்கு அறிவு வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கைடு எதைச் சொன்னாலும் “சரிங்க சார்” என்று தலையாட்டத் தெரிந்தால் போதும். பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடும் கருமத்தம்பட்டியில் வளர்ந்த எனக்கு அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

கடற்பாசியிலிருந்து எடுத்த, கந்தகம் கலந்த ஒரு சர்க்கரையை எலிகளுக்கு ஊசியில் ஏற்றி, அது இரத்தத்தில் எவ்வளவு தங்குகிறது என்று அளப்பது என் வேலை. இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவில் ஒளிரும் சிவப்புச் சாயத்தைக் கலக்க வேண்டும். அந்தச் சர்க்கரை இருந்தால் ஒளி மங்கும். வெறும் உப்புநீர் ஏற்றிய எலிகளில் மங்கக்கூடாது. இது சரியாக வந்தால் உதவித்தொகை நீளும், நான் டாக்டர் ஆவேன். வராவிட்டால் அப்பாவின் தறிக் குடோன்தான்.

இரத்தம் எடுக்கப் பச்சை மூடிக் குழாய்களைக் கைடே வாங்கி வந்தார்.

“சார், இதுக்குள்ள என்னங்க தடவியிருக்குது?”

“ரத்தம் உறையாது. அவ்வளவுதான். எடும்மா.”

“சரிங்க சார்.”

எல்லா எலிகளுக்கும் ஒளி மங்கியது. உப்புநீர் எலிகளுக்கும்தான். சாயம் கெட்டுவிட்டது என்றார் கைடு. புதிதாகக் கலக்கினேன். அதுவும் மங்கியது. (மங்காமல் இருந்தது என் நம்பிக்கை மட்டும்.)

ஆய்வுக் குழுக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “எந்தக் குழாய்ல எடுத்தீங்க?” என்றார்.

“பச்சை மூடிங்க மேடம்.”

“அதுல தடவியிருக்கறது ஹெபாரின். அதுவும் கந்தகச் சர்க்கரைதானேம்மா! நீங்க எலியை அளக்கல, குழாயை அளந்திருக்கீங்க.”

கைடு என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இதையெல்லாம் பாக்க மாட்டியா?”

“பாக்காம விட்டுப்போட்டனுங்க சார்” என்றேன். அந்த நிலையிலும் மரியாதை குறையவில்லை, பாருங்கள்.

உதவித்தொகை நின்றது. புதிய எலிகளுக்கு அனுமதியும் கிடைக்கவில்லை. பழைய எலிகள் ஒரு குழாய்க்காகச் செத்ததுதான் மிச்சம். பிறகு ஒரு கருத்தரங்கில், மாணவர்கள் செய்யும் தவறுகள் பற்றிக் கைடு பிரமாதமாகப் பேசினாராம். நான் இப்போது சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் நூலின் உறுதியைச் சோதிக்கிறேன்.

நடந்ததை அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. புரியாமலே இருந்திருக்கலாம். இன்றும் நான் காபி கொடுத்தால், ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்பார்:

“ஏனம்மணி, இது நீ போட்ட சக்கரையா, டம்ளர்லயே இருந்துச்சா?”

வீடே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். அந்த டம்ளரை வாங்கி வந்தது யார் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.