நடுத்தரக் கேமராவும் ஒரு பித்தளைத் தகடும்

மலாயாவில் கம்யூனிஸ்டுக் கலகத்தை அடக்க அவசரகாலம் வந்ததும், யார் யார் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாமல் போய்விட்டது. ஆகவே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட சகல ஆத்மாக்களும் போட்டோ ஒட்டிய அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டுமென்று மேன்மைதங்கிய உத்தரவு பிறந்தது. பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. திங்கட்கிழமை முதல் கார்டு இல்லாதவர் தோட்டத்து முள்வேலியைத் தாண்டக்கூடாது, வேலை கிடையாது, அரிசியும் கிடையாது என்று உரக்கப் படித்தவன் நான்தான்.

கூலிம் டவுனிலிருந்து போட்டோக்காரர் ஹபீப் முகம்மது பாய் இரண்டு கேமராவோடு வந்தார். முதல் தரம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு, நடுத்தரம் மற்ற எல்லோருக்கும்.

"ரெண்டுக்கும் என்ன பாய் வித்தியாசம்?"

"லென்சுக் கண்ணாடி ஒண்ணேதான் கிராணியாரே. படம் தெளிவா விழுந்துடாம இருக்க, நடுத்தரத்துக்குள்ள ஒரு பித்தளைத் தகடு வச்சிருக்கான் கம்பெனிக்காரன்."

"நல்லா செஞ்சுட்டு ஏன் கெடுக்கணும்?"

"கெடுக்காட்டி முதல் தரத்தை யாரு வாங்குவா லா? கெடுக்கத்தான் ரொம்ப மெனக்கெட்டாங்களாம், ஏஜெண்டு பெருமையா சொல்றான்."

ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் பிச்சையம்மாளின் படம் வெறும் புகையாக விழுந்தது. புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். பாய் மனசு கேட்காமல் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி எடுத்தார். புருவத் தழும்புகூடப் பளிச்சென்று வந்தது.

பதிவு அதிகாரி அதைத் துரையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எடுக்கும் நேரத்தில் துரை கொசு அடித்ததால் அவர் படம் சற்றே கலங்கியிருந்தது.

"ஒரு கூலிக்காரி துரையைவிடத் தெளிவாக இருப்பதா? இது நிர்வாக ஒழுங்குக்குப் பங்கம். தகட்டை மாட்டும்."

தகடு மாட்டப்பட்டது. முதலில் விழுந்த புகைக்கே முத்திரை விழுந்தது.

திங்கட்கிழமை வாசல் காவலன் கார்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இது நீ இல்லை" என்று நிறுத்திவிட்டான். அதிகாரி வந்து தீர ஆராய்ந்தார்.

"படத்தில் பிழையில்லை, முத்திரை இருக்கிறது. முகத்தில்தான் தெளிவு அதிகம்."

"முகத்தை நான் என்ன செய்யட்டுங்கய்யா?"

"அது உன் பொறுப்பு. உன்னைத் தெரிந்த கிராணியிடம் கடுதாசி வாங்கி வா."

வந்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தினம் விடியலில் அவள் பேரைக் கூப்பிடுகிறவன் நான்.

"நான்தான் பிச்சையம்மான்னு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா. புள்ளைங்களுக்கு அரிசி இல்ல."

எனக்கோ அன்று வயிறு எரிந்துகொண்டிருந்தது. கிராணியான என் படமும் இவள் படமும் ஒரே புகை. இது என்ன நியாயம்? நடுத்தரத்தை இரண்டாகப் பிரித்து, கிராணி கங்காணிகளுக்கு மட்டும் அரைத் தகடு போதுமென்று மனு எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு கையெழுத்து சேர்ந்தாகிவிட்டது.

"வெளியே நில்லு, அவசர வேலை."

மூன்றே நாளில் மனு மஞ்சூராகி அனுமதி வந்தது. புதிய படத்தில் என் மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணலாம். அந்த மூன்று நாளும் பிச்சையம்மாள் வீட்டில் அடுப்பு எரியவில்லையாம்.

நானும் மனுஷன்தானே. நாலாம் நாள் அவளைக் கூப்பிட்டுக் கடுதாசி எழுத உட்கார்ந்தேன். விதிப்படி முதலில் கார்டை வாங்கிப் பார்த்தேன். ஆள் யாரென்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.