அம்பத்தூர் எஸ்டேட்டின் சிவப்புக்கோடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் இதுவரை எழுதப்பட்ட கம்ப்யூட்டர் புரோகிராம்களில் ஒன்றுகூட சிவப்புக்கோடுக்குப் பிடித்ததில்லை. அவரே எழுதியதும் சேர்த்துத்தான்.

பள்ளி பஸ் எங்கே வருகிறது என்று பெற்றோரின் போனில் காட்டும் மென்பொருளைச் செய்கிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. நாங்கள் எழுதுவதையெல்லாம் தானாகவே படித்து, அடுத்தவருக்குப் புரியாத இடங்களில் சிவப்பாகக் கோடு இழுக்கும் ஒரு கருவியை அவர்தான் கொண்டுவந்து மாட்டினார். அன்றே அவருடைய நிஜப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோனது.

கருவி ஆங்கிலத்தில் திட்டியபோது எங்களுக்கு உறைக்கவில்லை. உடனே குமணன்சாவடிக்காரரான அவர் அதற்குத் தம் பாஷையைப் புகட்டினார். புரோகிராமில் நான் எதற்காவது வெறும் 'எக்ஸ்' என்று பெயர் வைத்தால், "இன்னா நைனா, பேரு வெக்கக்கூட சோம்பேறித்தனமா?" என்று திரையில் வரும். திருத்தும்வரை விடாது.

மேனேஜர் கொதித்தார். "யோவ், வேலை நடக்கணுமா, இல்ல எல்லாரும் பேரு வெச்சிகினு உக்காரணுமா?"

"நாளிக்கு இவன் லீவு போட்டா இத்த யாரு சார் படிப்பா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் சிவப்புக்கோடு.

"அவனையே கூப்பிட்டுக் கேக்கலாம்."

"முந்தாநாள் எய்தினதே அவனுக்குப் புரியல சார்!"

உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் எங்கள் மென்பொருளை வாங்கலாமா என்று பார்க்க, பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளியின் தலைமை சிஸ்டர் வந்தார். மேனேஜர் எதையோ தப்பாக அழுத்த, பெரிய திரை முழுக்க எழுத்து: "எய்திகினே போறியே மாமே, எங்க முடிப்ப?" சிஸ்டர் அதை ஜெபம் வாசிக்கிற குரலில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இதை எங்க டீச்சர்ஸ் எழுதுற சர்க்குலருக்கும் மாட்ட முடியுமா?" என்றார் சிஸ்டர். அந்தப் பள்ளி எங்களுக்குக் கிடைத்தது.

ஆவடியில் எனக்குக் கல்யாணம் நடந்த காலையில், அதே பள்ளியின் பஸ் ஏரிக்கு நடுவில் நிற்பதாகப் போனில் காட்டியது. பஸ் ரோட்டில்தான் இருக்கிறது என்று டிரைவர் சத்தியம் செய்தார். அம்மாக்களோ போனைத்தான் நம்பினார்கள். பள்ளி வாசலில் ஒரே அழுகை. அந்தப் பகுதியை எழுதியவன் நான். மேனேஜர் என்னைக் கூப்பிடப் போக, சிவப்புக்கோடு போனைப் பிடுங்கிக்கொண்டாராம்.

"தாலி கட்ற நேரம் சார். அவன் எய்தினது கீதே, நான் படிச்சிக்கிறேன்."

படித்தார். பாரிவாக்கம் நிறுத்தத்தின் புதிய இடம் வரைபடத்தில் ஏரிக்குள் பதிவாகியிருந்ததால் வந்த குழப்பம் என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார். இதெல்லாம் பிறகு மேனேஜர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மண்டபத்தில் பந்தி முடிந்து மேஜைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரே ஓர் இலை. அதன் முன்னால் வேர்க்க விறுவிறுக்க அவர்.

"இவ்ளோ லேட்டா வரீங்களே அண்ணாத்தே?"

"வயில ஒரு சின்ன வேல மாமே. அத்த வுடு, ரசம் கீதா பாரு."

நான் ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் எனக்கும் ஓர் இலை போடச் சொன்னேன்.