பெட்டகமா, பிரவுசரா?

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் சௌக்கியம், கண்ணாடிக் கடையும் சௌக்கியம். கடைக் கம்ப்யூட்டர் மட்டும் போன வாரம் சௌக்கியமாக இல்லை. அதில் உனக்கும் பங்கு உண்டு என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

பாஸ்வேர்டெல்லாம் மறந்து போகிறது என்றதற்கு, "பிரவுசர்லயே சேமிச்சா சுலபம், ஆனா சீட்ல உக்கார்ற யாரு வேணாலும் திறந்துடலாம். தனியா ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் போட்டா பத்திரம், ஆனா அதுக்கே ஒரு பெரிய பாஸ்வேர்டு வேணும்" என்று போனில் சொன்னாய் அல்லவா? உன் அக்கா சுலபத்தை எடுத்துக்கொண்டாள், நான் பத்திரத்தை எடுத்துக்கொண்டேன். என் பெட்டகமோ (அந்த மேனேஜரைத்தான் சொல்கிறேன்), நான் ஒருவருக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பூட்டிக்கொள்ளும்; மறுபடியும் பாஸ்வேர்டாக வைத்த அந்த நீள வாக்கியத்தை ஒற்றை விரலால் தட்ட வேண்டும், ஓர் எழுத்து பிசகினால் முதலிலிருந்து. லென்ஸ் ஆர்டர் கொடுக்க வந்த பஸ் டிரைவர், "சார், நீங்க தட்டி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பவர் ஏறிடும் போலிருக்கே" என்றார். உன் அக்கா என்னை நகர்த்திவிட்டுத் தன் பிரவுசரைத் திறந்தாள். அது தானே நிரப்பிக்கொண்டது, ஆர்டரும் போய்விட்டது. வசதி வேறு, பாதுகாப்பு வேறு என்று நான் விளக்கியதை இருவரும் கேட்கவில்லை.

மறுநாள் லென்ஸ் கம்பெனியிலிருந்து, உடனே உள்ளே நுழையாவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்று மெயில். இணைப்பை அழுத்தினேன். பெட்டகம் திறந்துதான் இருந்தது, ஆனால் பாஸ்வேர்டை நிரப்ப மாட்டேன் என்றது. சண்டித்தனம் பண்ணுகிறது என்று நானே நகலெடுத்து ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் யாரோ நம் கணக்கில் புகுந்து, ஏதோ ஒரு விலாசத்துக்குப் பெட்டி பெட்டியாக ஃபிரேம் கேட்டிருக்கிறார்கள். சந்தேகப்பட்ட கம்பெனி கணக்கையே நிறுத்திவிட்டது, டிரைவரின் லென்ஸ் உட்பட.

"கண்ணாடி இல்லாம திங்கக்கிழமை டூட்டிக்கு ஏத்த மாட்டாங்க சார்" என்று அவர் வந்து நின்றார். நான் அவருடைய ரசீதைத் தேடுவதுபோல் மேசையைக் கிளறினேன்.

உன் அக்காதான் பேசினாள், என்னிடம். "அந்த மெயில்ல இருந்த இணைப்பை நானும்தான் திறந்தேன். பிரவுசர் தானா நிரப்பல. அதுவே கண்டுக்கலன்னா நமக்கென்னன்னு மூடிட்டேன். முகவரியில ஒரு எழுத்து அதிகமா இருந்துச்சே, பாக்கலையா? ஊருக்கெல்லாம் கண் டெஸ்ட் பண்றீங்க!"

கம்பெனிக்காரர்களிடம் போனில் மன்றாடிக் கணக்கை மீட்டதும் அவள்தான். சனிக்கிழமை லென்ஸ் வந்தது. டிரைவர் மாட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல இவ்வளவு தூசியா சார்?" என்றார்.

ஆகவே என் தீர்ப்பு: பெட்டகமும் பிரவுசரும் போலிப் பக்கத்தைக் கண்டுகொண்டன, ஏமாந்தது நான் ஒருவன்தான். இப்போது இருவருமே பெட்டகத்துக்கு மாறிவிட்டோம். நிரப்புவதை அதனிடமே விட்டாயிற்று. இனி முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் யாருக்கும் எதுவும் தருவதில்லை என்று உன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ நிம்மதியாக இரு. உன் மனைவிக்கு எங்கள் அன்பும் குழந்தைக்கு ஆசியும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: இதை முடிக்கும்போதே உன் மெயில் வந்தது. பெட்டகத்தின் வாக்கியம் பலமானதா என்று சோதித்துச் சொல்கிறேன், அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். உடனே அனுப்பிவிட்டேன். உன் புதுக் கம்பெனி மெயில் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை. வேலை மாறியதை அக்காவிடம் எப்போது சொல்லப்போகிறாய்?