மைக்செட்டு மாமாவின் ஆதாரக் கேசட்

இடி இடித்தால்கூட "இன்னா இவ்ளோ கம்மியா கேக்குது?" என்று வானத்தைக் குறை சொல்லக்கூடிய ஒரே ஆள், கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு மைக்செட்டு மாமாதான். காதுகுத்தோ கருமாதியோ, அவருக்கு ஒரே அளவு: சத்தத் திருகு போகிற வரைக்கும். அவர் செட்டுப் போட்ட வீட்டில் மறுநாளும் சைகையில்தான் பேசிக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு பகை. நான் பிறப்பதற்கு முன்னால், வடக்கனந்தலில் அவர் தங்கை கல்யாணம். பந்தியில் மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட வேண்டிய மாப்பிள்ளை, இவரைக் கூப்பிடவே இல்லையாம். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வராமல் மேடையேற மாட்டேன் என்று அந்தப் பெண் அழுகிறாள்.

மாமா அந்தப் பழைய கல்யாண வீடியோ கேசட்டோடு வந்தார்.

"டேய், இத பென்டிரைவ்ல ஏத்திக் குடு. போறன், ஆதாரத்தோட போறன். மண்டபத்துல பெரிய திரையில போடுவன். என்னக் கூப்ட்டாரா இல்லியான்னு ஊரே பாக்கட்டும்."

பழைய வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் யூ.எஸ்.பி. குச்சி ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, ஏற்ற வீடியோ இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவன் நான். சங்கராபுரத்தில் ஒரு வீட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்த, கேசட் ஓட்டும் டெக் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். மஞ்சள் ஒயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. சொருகினேன். திரை நீலமாக நின்றது. குச்சிக்கான டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினேன். கல்யாணம் கறுப்பு வெள்ளையில் உருண்டு உருண்டு ஓடியது.

"இன்னாடா, என் தங்கச்சிய மாவாட்டிக்கினு இருக்க?"

வெளிநாட்டு முறையில் இருந்த செட்டிங்கை நம்மூர் முறைக்கு மாற்றியதும் கலர் வந்தது. சத்தம் வரவில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. தன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவந்து டெக்கில் மாட்டி, மொட்டைமாடியில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, தெருவுக்கே கல்யாணம் நடத்தினார். இந்த வேலையில் குறுக்குவழி கிடையாது. கேசட் ஓடி முடிகிற வரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தாலி கட்டி முடிந்தது. பந்தி வந்தது. "இப்பப் பாரு!" என்று மாமா நாற்காலி நுனிக்கு வந்தார்.

பார்த்தோம். மாப்பிள்ளை பக்கத்து இலை காலி. அவரே மாலையோடு எழுந்து வருகிறார். ஸ்பீக்கருக்கு அடியில், திருகைத் திருகியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு இளவயது மாமா. மாப்பிள்ளை கத்திக் கூப்பிடுகிறார். முதுகு திரும்பவில்லை. தோளைத் தொடுகிறார். மாமா திரும்பிப் பார்க்காமலே, ஒயரை மிதிக்க வந்த பொடியனை விரட்டுவதுபோல, பின்னங்கையால் ஒரு தள்ளு. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு போய்த் தனியாகச் சாப்பிடுகிறார்.

"இன்னொரு தபா போடு" என்றார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். ஸ்பீக்கர் தெருவைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"சவுண்ட கம்மி பண்ணுடா" என்றார் மைக்செட்டு மாமா.

நானா சொன்னேன் என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது எனக்கு.

"பென்டிரைவ் மாமா?"

"அது வாணாம். நீ எங்கூட கல்யாணத்துக்கு வா. அது போதும்."

போனேன். செட்டு அவருடையதுதான். பந்திக்கு இலை விழுந்ததும் மொத்தத்தையும் அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"மச்சான், வாங்க, சாப்புடலாம்!" தங்கை புருஷனின் குரல் மண்டபத்தின் அந்தக் கோடி வரை தெளிவாகக் கேட்டது.

மாமா அசையவில்லை. காது மட்டும் சிவந்தது. இன்னொரு தபா கூப்பிடட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் காட்டிக்கொடுக்கவில்லை.