பஞ்சோடு வந்துவிட்ட மச்சம்

காட்டியாச்சு அக்கா, காட்டியாச்சு. ஆனா டாக்டர்கிட்ட போய் உட்கார்ந்தது அப்பா இல்ல, நான். இரு, கத்தாதே. "அப்பா கழுத்துல இருக்கற மச்சத்தைக் காட்டினீங்களா இல்லையா, ஒரே வார்த்தையில பதில் போடு"ன்னு மெசேஜ் அனுப்பியிருந்தே. ஒரே வார்த்தையில அடங்கற விஷயமா இருந்தா நான் ஏன் பேப்பர் தேடி அலையறேன்? ஃபோன்ல சொன்னா பாதியிலேயே நீ அழ ஆரம்பிச்சுடுவே, மீதியை யார்கிட்ட சொல்றது? லெட்டர்ல நீ எவ்வளவு அழுதாலும் எனக்குக் கேக்காது. அதான், நான் வேலை பார்க்கற ஸ்டிக்கர் கடையில மிஞ்சின பேப்பரைக் கிழிச்சு எடுத்துட்டு வந்து, ஆஸ்பத்திரி நாற்காலியில உட்கார்ந்து எழுதறேன்.

முறைப்படி ஆரம்பிக்க மறந்துட்டேன். பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவனும் தங்களின் ஒரே தம்பியுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது யாதெனில், இங்கு நாங்கள் அனைவரும் நலம். இல்ல, அந்த வரியை இப்போதைக்கு நம்பாதே. நலமா இல்லையான்னு கேக்கத்தான் வரிசையில உட்கார்ந்திருக்கோம்.

அப்பாவை உனக்குத் தெரியும். எந்தக் கட்டடத்துல லிஃப்ட் லேசா முனகினாலும் ஓடிப்போய்ப் பூட்டிட்டு வர்ற மெக்கானிக். கதவு மூடறப்போ ஒரு "டிக்" கூடுதலா கேட்டுச்சுன்னு ஒரு ஆபீஸையே படியேற விட்டவர். அந்த ஆபீஸ் மேனேஜர் மூச்சு வாங்க இறங்கி வந்து, "நல்லாத்தானே ஓடுது?"ன்னு கேட்டதுக்கு, "நல்லா ஓடறப்பவே நிறுத்திப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்"னு சொன்னவர். அப்பேர்ப்பட்ட ஆளோட பின்கழுத்துல, முடி முடியற இடத்துக்குக் கீழ, ஒரு மச்சம் மாசாமாசம் கருத்துக்கிட்டே போகுது, ஒரு பக்கம் ஓரம் பிசிறடிச்சு வெளிய பரவுது, "வாங்கப்பா, ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்"னு கூப்பிட்டா, "அது பாட்டுக்கு இருக்குடா, உனக்கு என்ன தொந்தரவு பண்ணுது?"ங்கறார். அம்மா கெஞ்சினாங்க. மிரட்டினாங்க. அப்புறம் கோபத்துல அவரோட பேசறதையே நிறுத்தினாங்க, அது அவருக்கு ரொம்ப வசதியாப் போச்சு. நாம கொஞ்சம் அழுத்திக் கேட்டா உடனே கண்ணாடி முன்னாடி போய் நின்னு சீப்பை எடுத்துடுவார். "இந்த வயசுல எவனுக்குடா இப்படிக் கருகருன்னு முடி இருக்கு? உடம்புல கோளாறு இருந்தா முதல்ல முடியில தெரியும்." அவ்வளவுதான், கோர்ட் கலைஞ்சது.

சரி, ஆளைத்தான் கூட்டிட்டுப் போக முடியல, படத்தையாவது காட்டலாம்னு ஃபோன்ல எடுத்தேன். என் ஃபோன் லென்ஸ் உடைஞ்சது உனக்குத் தெரியும்ல, மச்சம் ஈரச் சுவத்துல அடிச்ச கொசு மாதிரி வந்துச்சு. அதைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, டோக்கன் குடுக்கற அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காம, "படத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்கறதில்ல, ஆளைக் கூட்டிட்டு வாங்க"ன்னுட்டாங்க. வெளிய வந்து படியில உட்கார்ந்தப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு. ஆள் வரல, ஆனா மச்சம் வரலாமே!

சிரிக்காதே, அப்போ அது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாத் தெரிஞ்சுது. அப்பா மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, லிஃப்ட் கிரீஸைத் தேய்ச்சுக் கழுவறேன்னு குளியலறைக்குள்ள போய்ப் பூட்டிக்கிட்டா லேசுல வெளிய வர மாட்டார்ல, வந்ததும் துண்டெல்லாம் கறையா இருக்குன்னு அம்மா கத்துவாங்கல்ல, அந்த மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமைதான். சாப்பிட்டுட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கிட்டார். கடையில நம்பர் பிளேட் எழுத்தைப் பிரதி எடுக்கற கண்ணாடித்தாள் ஒண்ணைக் கழுத்து மேல வெச்சு, ஓரம் ஓரமா அச்சு எடுத்தேன். எந்த இடம் கருப்பு, எந்த இடம் பழுப்புன்னு பக்கத்துலேயே குறிச்சுக்கிட்டேன். நடுவுல ஒரு தடவை, "ஈ"ன்னு சொல்லிட்டு என் கையிலேயே ஓங்கி ஒண்ணு போட்டார். முழிக்கல.

ஆனா என் பின்கழுத்துல நானே எப்படி வரையறது? மறுநாள் அந்தத் தாளோட கடை ஓனர்கிட்ட போய் நின்னேன். எதுக்குடான்னு கேட்டார், நாடகம்னு சொன்னேன். மனுஷன் முதல்ல முணுமுணுத்தார், அப்புறம் தொழில் புத்தி வந்துடுச்சு. "இந்த ஓரம் இன்னும் கொஞ்சம் பிசிறணும்டா, இப்போ பொட்டு மாதிரி இருக்கு"ன்னு ரெண்டு பேனா மாத்தி, மேல மெல்லிசா கோந்து தடவி, ஊதி ஊதிக் காய வெச்சார். முடிச்சுட்டு ஒரு அடி பின்னாடி போய்ப் பார்த்துட்டு, "பிரமாதமா வந்திருக்கு, கீழ சின்னதா கடை நம்பரைப் போட்டுடட்டுமா?"ன்னு கேட்டார்.

அங்கிருந்து நேரா ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என் சட்டைக் காலரை இறக்கிவிட்டு, கையில ஒரு சின்ன லென்ஸை வெச்சுக்கிட்டு, குனிஞ்சு பார்த்தாங்க. அவங்க நிமிரவே இல்லன்னதும், அப்பாவுக்கு என்னவோ பெருசா இருக்கு போலன்னு நானே நம்பிட்டேன் அக்கா.

"எவ்வளவு நாளா இருக்கு தம்பி?"

"காலையில... இல்ல டாக்டர், ரெண்டு வருஷமா."

"வலிக்குதா?"

"தெரியல டாக்டர், கேட்டுச் சொல்றேன்."

"யார்கிட்ட கேட்டு?"

நான் பதில் யோசிக்கறதுக்குள்ள ஏதோ ஜில்லுன்னு பட்டுச்சு. ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சு. ஒரே இழுப்பு. பஞ்சை என் மூக்குக்கு முன்னாடி நீட்டினாங்க, எங்க ஓனரோட கலைவண்ணம் மொத்தமும் அதுல இருந்துச்சு. "குணமாயிடுச்சு, போயிட்டு வாங்க"ன்னாங்க. நர்ஸம்மா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க, ஆனா தோள் குலுங்கறது தெரிஞ்சுது.

எல்லாத்தையும் உளறிக் கொட்டிட்டேன். டாக்டரம்மா திட்டல. "உங்கப்பாவுக்கு நிஜமாவே இப்படித்தான் இருக்குன்னா, இந்த வாரமே கூட்டிட்டு வாங்க. எடுக்கணுமா வேண்டாமான்னு பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்"னாங்க. நான் எழுந்திருக்கப் போனேன். "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, சட்டையைக் கழட்டுங்க. உங்க சொந்தத் தோலையும் பார்த்துடறேன்." நானும் ஹீரோ மாதிரி கழட்டிட்டுத் திரும்பி நின்னேன். எனக்கு என்ன பயம்?

லென்ஸ் தோள்ல ஆரம்பிச்சு மெதுவா இறங்குச்சு. வலது பக்கத் தோள்பட்டைக்குக் கீழ வந்து நின்னுடுச்சு.

"இதை யார் வரைஞ்சது?"ன்னு கேட்டாங்க.

"எதை டாக்டர்?"

பஞ்சு எடுத்துத் துடைச்சாங்க. இன்னொரு பஞ்சு எடுத்தாங்க. நர்ஸம்மா சிரிப்பை நிறுத்திட்டு வந்து பார்த்தாங்க. நான் "நல்லாத் துடைங்க டாக்டர், அழுத்தித் துடைங்க, ஓனர் கோந்து போட்டிருக்கார்"னு சொல்லிக்கிட்டே இருக்கேன். ஓனர் என் முதுகைத் தொடவே இல்லன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிக்கிட்டே இருந்தேன். பஞ்சு ரெண்டும் வெள்ளையாத்தான் வந்துச்சு.

அங்க இருந்த மச்சத்தை முழுசா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணுமாம். மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பாங்களாம், சில தையல், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாமாம். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா இந்த மாதிரி இருக்கறதைப் பார்த்துட்டு நான் விட மாட்டேன்"னாங்க. எனக்கு அந்த "பெரும்பாலும்" மட்டும்தான் காதுல விழுந்துச்சு. பஸ்ல ஏறி, இறங்க வேண்டிய இடத்துல இறங்காம, கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் கையைப் பின்னாடி விட்டு விட்டுப் பார்க்கறேன், எட்டவே மாட்டேங்குது. நம்ம உடம்புலயே நம்ம கைக்கு எட்டாத இடம் ஒண்ணு இருக்கு அக்கா, அங்க போய் உட்கார்ந்திருக்கு!

வீட்டுல சொன்னதும் அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தாங்க. "இது எப்போடா வந்துச்சு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? முதுகு பின்னாடிதானே இருக்கு."

அம்மா உட்கார்ந்துட்டாங்க. "ஏழாவது படிக்கறப்போ நீ குளியலறைக் கதவைப் பூட்ட ஆரம்பிச்சே. அதுக்கப்புறம் உன் முதுகை நான் பார்க்கவே இல்லடா"ன்னாங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்பா லிஃப்ட் கயித்தைப் பார்க்கற டார்ச்சை எடுத்துட்டு வந்து என் முதுகுல அடிச்சு, ரொம்ப நேரம் பார்த்தார். நான் தாங்காம, "நல்லாத்தானேப்பா இருக்கேன்?"னு சொன்னேன். சொல்லி முடிச்சதும்தான் உறைச்சுது, அந்த மேனேஜர் கேட்ட அதே கேள்வி. அப்பா டார்ச்சை அணைச்சுட்டு, "நாளைக்குக் காலையில கிளம்பறோம்"னார். மடக்கிட்டோம்னு நினைச்சு, "முதல்ல நீங்க காட்டுங்க, அப்புறம் நான்"னு சொன்னேன். உடனே "சரி"ன்னுட்டார். அக்கா, எனக்கு விவரம் தெரிஞ்சு அவர் எதுக்கும் உடனே சரின்னு சொன்னதே இல்ல. டாக்டரம்மா லென்ஸைவிட அந்த "சரி"தான் என்னை அதிகமா பயமுறுத்துச்சு. இல்ல, பயமெல்லாம் இல்ல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

அப்படித்தான் இப்போ வரிசையா உட்கார்ந்திருக்கோம். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா, நடுவுல நான். ரெண்டு பேரும் என் சட்டையை ஆளுக்கொரு பக்கம் லேசா பிடிச்சிருக்காங்க, நான் கவனிக்கலன்னு நினைப்பு. ஆனா நான் தீர்மானிச்சுட்டேன் அக்கா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அப்பாவை உள்ள தள்ளிவிட்டுட்டு நான் நைசா நழுவிடப் போறேன். என்னுதை எடுக்கப் போறதில்ல. இவ்வளவு நாளா அதுவும் இருந்துச்சு, நானும் இருந்தேன். அதைப் பார்க்காத வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரு சண்டையும் இல்ல. கொஞ்ச நாள் போகட்டும், பார்த்துக்கலாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். இந்த வரியை எங்கயோ கேட்ட மாதிரி இருக்குன்னு நீ சொல்லுவே, சொல்லாதே.

மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும். பாப்பாவுக்கு ரெண்டு கன்னத்துலயும் என் சார்பா ஒவ்வொண்ணு குடுக்கவும். பெரியவங்க ஆசீர்வாதம் இந்த லெட்டரோட வராது, பெரியவங்க கை ரெண்டும் என் சட்டையில இருக்கு. கூப்பிடறாங்க. போகணும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: மேல எழுதின எதையும் நம்பாதே. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கிட்டு எழுதறேன், கையெழுத்து இப்படித்தான் இருக்கும். கூப்பிட்டது அப்பா பேரை இல்ல, என் பேரை. காலையிலேயே எனக்குத் தெரியாம முதல் டோக்கனை என் பேர்ல போட்டிருக்கார். எடுத்தாச்சு, தையல் போட்டாச்சு, டெஸ்ட்டுக்குப் போயிருக்கு. அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு, விளக்குக்குக் கீழ தலையைக் குனியச் சொல்லி, லென்ஸை வெச்ச டாக்டரம்மா, பஞ்சை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாங்க. பஞ்சு கருப்பு! அப்பாவுக்கு யார் வரைஞ்சதுன்னு நான் எட்டிப் பார்த்தேன். டாக்டரம்மா நர்ஸைப் பார்த்து, "இந்தக் குடும்பத்துல யாருக்காவது சொந்தமா மச்சம் இருக்கா?"ன்னு கேட்டுட்டு, "ஐயா, முடிக்கு என்ன டை போடறீங்க?"ன்னாங்க. டை, அக்கா! நம்ம அப்பா! கிரீஸும் இல்ல ஒண்ணும் இல்ல, மாசாமாசம் கதவைப் பூட்டிக்கிட்டு அதைத்தான் அடிச்சிருக்கார், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம் வழிஞ்சு மச்சத்து மேலேயே காய்ஞ்சிருக்கு. அடியில இருந்தது ஒரு சின்னப் பழுப்பு மச்சம், ஒண்ணும் இல்லையாம், ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை காட்டினாப் போதுமாம். டாக்டர் குனியச் சொன்னா வேர்ல வெள்ளை தெரிஞ்சுடுமேன்னுதான் மனுஷன் இத்தனை நாளா போக்குக் காட்டியிருக்கார். அம்மாவுக்கு இன்னும் அதிர்ச்சி தெளியல, "என் துண்டெல்லாம், என் துண்டெல்லாம்"னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. ஆனா திரும்பி வர்றப்போ, பஸ் குலுங்கி என் முதுகு சீட்ல இடிச்சுடக் கூடாதுன்னு, அந்த டை அடிச்ச மனுஷன் வழி முழுக்கத் தன் கையைப் பின்னாடி அணை குடுத்துக்கிட்டே வந்தார். ரிசல்ட் அடுத்த வாரம். பயமில்லன்னு எழுதியிருந்தேன்ல, அதை அடிச்சுக்கோ. நீ உடனே ஒண்ணு பண்ணு, மாமாகிட்ட உன் முதுகைப் பார்க்கச் சொல்லு. புதுசா ஏதாவது இருந்தா முதல்ல பஞ்சால துடைக்கச் சொல்லு. போகலன்னா கிளம்பு. அம்மா கட்டு மாத்தணும்னு கத்தறாங்க, இனிமே இந்த வீட்டுல யாரும் கதவைப் பூட்டக் கூடாதாம், போறேன்.